கர்ப்பகால மரபணுச் சோதனையும் தாயின் உடல்நிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டபுள் மார்க்கர், குவாட்ருபிள் மார்க்கர் (தாயின் ரத்தத்தில் சில பொருட்களின் அளவைப் பார்ப்பவை), என்ஐபிடி (ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவைப் பார்ப்பது) என்று கர்ப்ப காலத்தில் எழுதிக்கொடுக்கும் சோதனைகள் எல்லாமே குழந்தையைப் பற்றியவை. ஆனால் ஊசி குத்துவது தாயின் கையில். அவர் ரத்தத்தில் இருப்பதை வைத்துத்தான் குழந்தையைப் பற்றிக் கணிக்கிறார்கள். அதனால் அவருடைய எடை, நோய், மருந்து, வயது, ஏற்றிக்கொண்ட ரத்தம் எல்லாமே ரிப்போர்ட்டைத் தொடுகின்றன. மரபணு ஆலோசனைக்கு வரும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு உங்கள் மருத்துவரிடம் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்டால் அதுவே எனக்கு வேண்டியது.

என்ஐபிடி சோதனையில் குழந்தையின் ரத்தத்தையா பார்க்கிறார்கள்?

இல்லை. குழந்தையின் ரத்தத்தை யாரும் தொடுவதில்லை. நம் எல்லோர் ரத்தத்திலும், செத்துப்போன செல்களிலிருந்து வெளியேறிய டிஎன்ஏ துண்டுகள் மிதந்துகொண்டிருக்கும். கர்ப்பிணியின் ரத்தத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து வந்த துண்டுகளும் சேர்ந்திருக்கும். 1997-இல் டென்னிஸ் லோ குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். 2011 முதல் இது சோதனையாக விற்பனைக்கு வந்தது.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்த டிஎன்ஏ நஞ்சுக்கொடியுடையது. பெரும்பாலும் குழந்தையும் நஞ்சுக்கொடியும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் எப்போதும் அல்ல. இரண்டாவது, பத்தாவது வாரத்தில் அது மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மீதி ஒன்பது பங்கு உங்களுடையது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எல்லாம் எளிதாகப் புரியும்.

அந்தப் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் என்ன ஆகும்?

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். அதாவது ஒன்றரை மடங்கு. ஆனால் குழந்தையின் பங்கு 10 சதவீதம்தான் என்பதால், மொத்த ரத்தத்தில் 21-ஆம் குரோமோசோம் துண்டுகள் வெறும் 5 சதவீதமே கூடித் தெரியும். குழந்தையின் பங்கு 4 சதவீதமாகக் குறைந்துவிட்டால் அந்த வித்தியாசம் 2 சதவீதம். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை எந்திரம் நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பல ஆய்வகங்கள் 4 சதவீதத்துக்குக் கீழே போனால் ரிசல்ட் தருவதில்லை. சில ஆய்வகங்களின் முறைகள் அதற்கும் கீழே போகும். எது எப்படி இருந்தாலும் ரிப்போர்ட்டில் குழந்தையின் டிஎன்ஏ பங்கு எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இல்லாத ரிப்போர்ட்டை நான் முழு ரிப்போர்ட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

என் எடை 98 கிலோ. ரிசல்ட் வரவில்லை, மறுபடி ரத்தம் கொடுங்கள் என்கிறார்கள். நான் என்ன தப்பு செய்தேன்?

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலர் அழுதுவிடுகிறார்கள், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

எடை கூடக் கூட உடலில் கொழுப்புத் திசு அதிகம். அதில் செல்கள் செத்துப் புதுப்பிக்கப்படும் வேகமும் அதிகம். அதனால் தாயின் டிஎன்ஏ ரத்தத்தில் நிறையச் சேர்கிறது. ரத்தத்தின் அளவும் கூடுகிறது. குழந்தையின் டிஎன்ஏ அளவு குறையாமலேயே மொத்தத்தில் அதன் பங்கு இறங்கிவிடுகிறது. 2013-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின் கணக்கு இது: 60 கிலோ உள்ள பெண்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே குழந்தையின் பங்கு 4 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். 100 கிலோவில் நூற்றுக்கு ஏழு பேருக்கு. 160 கிலோவில் பாதிப் பேருக்கு.

மறுபடி கொடுத்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரிசல்ட் கிடைத்துவிடுகிறது. ஆனால் ஒரு வாரம் காத்திருந்தால் பங்கு நிறைய ஏறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 10 முதல் 21 வாரம் வரை வாரத்துக்கு 0.1 சதவீதம் அளவில்தான் ஏறுகிறது. அதற்கப்புறம்தான் வேகம் கூடும், ஆனால் அதற்குள் முடிவெடுக்கும் நேரம் போய்விடும். எடை மிக அதிகமாக இருந்தால், என்ஐபிடிக்கு முன்பே மருத்துவரிடம் மாற்று வழியைக் கேட்டுவிடுவது நல்லது. 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை எடுக்கும் என்டி ஸ்கேனும் (குழந்தையின் பின்கழுத்தில் உள்ள திரவத்தை அளப்பது) டபுள் மார்க்கரும் சேர்ந்து பத்தில் எட்டொன்பது டவுன் கர்ப்பங்களைக் கண்டுபிடிக்கும். அந்த வாரங்களை என்ஐபிடிக்காகக் காத்திருந்து நழுவவிட்டால் மறுபடி கிடைக்காது.

கர்ப்பத்தின்போது எடையைக் குறைத்துவிட்டு வரலாமா?

வேண்டாம். சோதனைக்காகப் பட்டினி கிடப்பதும் வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டுவிட்டே ரத்தம் கொடுக்கலாம்.

"ரிசல்ட் வரவில்லை" என்றால் "நார்மல்" என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் அழுத்தியே பேசுவேன். 2015-இல் சுமார் 15,800 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் 0.4 சதவீதம் பேருக்குத்தான் குரோமோசோம் எண்ணிக்கைப் பிரச்சினை இருந்தது. ரிசல்ட் வராதவர்கள் மத்தியில் அது 2.7 சதவீதம், அதாவது 38 பேரில் ஒருவர். காரணம் இருக்கிறது. 18, 13-ஆம் குரோமோசோம் கூடுதலாக உள்ள கர்ப்பங்களிலும், தாய்வழியாக ஒரு முழுக் குரோமோசோம் தொகுப்பே கூடுதலாக வந்த கர்ப்பங்களிலும் நஞ்சுக்கொடி சிறியதாக இருக்கும். அது விடும் டிஎன்ஏவும் குறைவு.

38 பேரில் 37 பேருக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். எடை அதிகமுள்ளவருக்கு ரிசல்ட் வராததற்கு எடையே பெரும்பாலும் காரணம். 50 கிலோ உள்ள ஒருவருக்கு வராவிட்டால் அதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். நல்ல ஸ்கேன் ஒன்று, தேவைப்பட்டால் பனிக்குட நீர் சோதனை என்று பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

தினமும் ஹெப்பாரின் ஊசி போடுகிறேன். அதனால் பாதிக்குமா?

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி போடும் பெண்களுக்கு ரிசல்ட் வராமல் போவது அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஊசியே காரணமா, அல்லது எந்த நோய்க்காக ஊசி போடுகிறார்களோ அந்த நோய் காரணமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. சில மருத்துவர்கள் அடுத்த டோஸ் போடுவதற்குச் சற்று முன்னால் ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். ஆனால் சோதனைக்காக நீங்களாகவே ஒரு நாள்கூட ஊசியை நிறுத்தாதீர்கள். உங்கள் உயிரையும் கர்ப்பத்தையும் காக்கப் போடும் ஊசி அது.

லூபஸ் போன்ற நோய்களிலும் இதே கதை. உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் செல்களையே தாக்குவதால் தாயின் டிஎன்ஏ ரத்தத்தில் மிக அதிகமாகச் சேரும். நோய் தீவிரமாக இருக்கும் நேரத்தில் எடுத்த ரத்தம் ரிசல்ட் தராமல் போகலாம், சில சமயம் குழப்பமான ரிசல்ட்டும் தரலாம்.

சர்க்கரை, தைராய்டு இருந்தால்?

தைராய்டு மாத்திரை என்ஐபிடியைக் கெடுப்பதில்லை. ஆறேழு மாதத்தில் கண்டுபிடிக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை, மூன்றாவது மாதத்தில் எடுத்த சோதனையை மாற்றப்போவதில்லை.

கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை உள்ளவர்களுக்குத்தான் கவனம் தேவை. அவர்களுக்கு ரத்தத்தில் ஏஎஃப்பி என்ற புரதம் இயல்பாகவே குறைவாக இருக்கும். குவாட்ருபிள் மார்க்கர் கணக்கில் இதற்குத் திருத்தம் போடாவிட்டால் டவுன் ஆபத்து கூடியதாகக் காட்டும், தண்டுவடக் குறைபாட்டின் ஆபத்தைக் குறைத்துக் காட்டும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் சர்க்கரை உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தண்டுவட, இதயக் குறைபாடுகள் மற்றவர்களைவிட அதிகம். இவற்றை என்ஐபிடி பார்ப்பதே இல்லை. உங்களுக்குப் பழைய சர்க்கரை இருந்தால் என்ஐபிடி "லோ ரிஸ்க்" என்று வந்த பிறகும் ஐந்தாம் மாத ஸ்கேனையும் குழந்தையின் இதய ஸ்கேனையும் தவறவிடாதீர்கள்.

பி12 குறைவு என்று டாக்டர் சொன்னார். அதற்கும் இதற்கும் சம்பந்தமா?

சைவச் சாப்பாடு சாப்பிடும் வீடுகளில் பி12 குறைவு சாதாரணம் என்பதால் இந்தக் கேள்வி நம் ஊரில் முக்கியமானது. கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் ஆகாது. மிகக் கடுமையாகக் குறையும்போது எலும்பு மஜ்ஜையில் ரத்தச் செல்கள் சரியாக முதிராமல் அங்கேயே செத்துப்போகின்றன. அவற்றின் டிஎன்ஏ ரத்தத்தில் கொட்டி, பல குரோமோசோம்களில் ஒரே நேரத்தில் கோளாறு இருப்பதுபோல ரிப்போர்ட் வரலாம். 2016-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் இப்படியொரு நிகழ்வைப் பதிவு செய்தார்கள். குழந்தைக்கு எந்தக் கோளாறும் இல்லை, பி12தான் காரணம். இது அபூர்வம். ஆனால் ரிப்போர்ட் விசித்திரமாக வந்தால், பயப்படும் முன் பி12 அளவைப் பார்த்துவிடுவது மலிவான, எளிய காரியம்.

ரத்தசோகை இருக்கும்போது தலசீமியா சோதனை எடுக்கலாமா?

எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் ரிப்போர்ட்டை அப்படியே நம்பக் கூடாது. தலசீமியா பரம்பரை ரத்த நோய். பீட்டா தலசீமியா சுமப்பவர்களை, அதாவது நோய் இல்லாமல் மரபணுக் குறையை மட்டும் வைத்திருப்பவர்களைக் கண்டுபிடிக்க ஹெச்பிஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையை அளப்பார்கள். வழக்கமாக 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சந்தேகம். இரும்புச்சத்து குறைந்தால் இந்த அளவு இறங்கிவிடும், அதனால் உண்மையிலேயே தலசீமியா சுமப்பவர்கூட "நார்மல்" என்று தப்பிவிடலாம். பி12, ஃபோலிக் அமிலம் குறைந்தால் நேர்மாறாக அளவு கூடிக் காட்டலாம். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் கொடையாளியின் ஹீமோகுளோபினும் கலந்து படத்தைக் குழப்பும்.

அப்படியானால் இரும்பு ஏறும்வரை காத்திருப்பதா? கர்ப்பத்தில் அதற்கு நேரமில்லை. கணவரைச் சோதித்துவிடுங்கள். அவருக்கு இல்லையென்றால் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வரும் கவலை பெருமளவு நீங்கிவிடும். அவருக்கு இருந்தால் உங்களுக்கு நேரடியாக மரபணுச் சோதனையே எடுத்துவிடலாம். கணவரின் ரத்தத்தைக் கேட்டால் சில வீடுகளில் மாமியார் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். குழந்தை இருவரிடமிருந்தும்தான் வருகிறது, தயங்காமல் கேளுங்கள்.

ரத்தம் ஏற்றியிருக்கிறேன். சிறுநீரக மாற்று அறுவை செய்திருக்கிறேன். சொல்ல வேண்டுமா?

கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏற்றிய ரத்தத்தில் கொடையாளியின் டிஎன்ஏ இருக்கும், அதனால் ஆய்வகங்கள் சில வாரங்கள் இடைவெளி கேட்கும். மாற்று உறுப்பு என்றால் அது உடலில் இருக்கும்வரை கொடையாளியின் டிஎன்ஏ ரத்தத்தில் வந்துகொண்டே இருக்கும். மஜ்ஜை மாற்று செய்தவர்களுக்கு ரத்தச் செல்களே கொடையாளியுடையவை. இவர்களுக்கு என்ஐபிடி பொருந்தாது, வேறு வழியைத்தான் பார்க்க வேண்டும்.

கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது. அது ரிப்போர்ட்டில் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. சில ஃபைப்ராய்டு கட்டிகளில் குரோமோசோம் துண்டுகள் கூடியோ குறைந்தோ இருக்கும். கட்டி பெரிதாக இருந்தால் அந்த மாற்றம் ரத்தத்தில் தெரிந்து, குழந்தையின் மாற்றம்போலத் தோன்றலாம். ஃபைப்ராய்டு புற்றுநோய் அல்ல.

ஆனால் புற்றுநோயைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே ரிப்போர்ட்டில் பல குரோமோசோம்கள் தாறுமாறாக வந்து, குழந்தையின் ஸ்கேன் நன்றாக இருந்தால், தாயின் உடலில் எங்காவது புற்றுநோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட அல்லது தெளிவற்ற ரிப்போர்ட் வந்த 107 பெண்களில் 52 பேருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பலருக்கு எந்த அறிகுறியும் இல்லை, அல்லது அறிகுறியைக் கர்ப்பத்தின் அசதி என்று நினைத்திருந்தார்கள். இந்த எண்ணைக் கேட்டுக் கலங்க வேண்டாம். என்ஐபிடி எடுக்கும் லட்சக்கணக்கானோரில் இப்படி ரிப்போர்ட் வருவது மிகமிகச் சிலருக்கே. அந்தச் சிலரில் நீங்கள் இருந்தால் "லேப் தப்பு" என்று ஒதுக்கிவிடாமல், முழு உடல் எம்ஆர்ஐ பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

எக்ஸ் குரோமோசோமில் பிரச்சினை என்று வந்தது. குழந்தைக்குத்தானே?

உங்களுக்காகவும் இருக்கலாம். வயது ஏற ஏறப் பெண்களின் சில ரத்தச் செல்கள் ஒரு எக்ஸை இழந்துவிடுவது இயல்பு. சிலர் பிறப்பிலேயே கொஞ்சம் செல்களில் ஒரு எக்ஸ் மட்டும், அல்லது மூன்று எக்ஸ் உள்ளவர்களாக இருந்து, அது தெரியாமலேயே நலமாக வாழ்வார்கள். ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு தாயுடையது என்பதால் அவரிடம் இருக்கும் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரியும். மற்றக் குரோமோசோம்களிலும் அப்படித்தான். தாயிடம் இருக்கும் சிறு கூடுதல் துண்டு ஒன்று, குழந்தைக்கு முழுக் குரோமோசோமே கூடியதுபோலக் காட்டிவிடும். அதனால் தாயின் குரோமோசோமையும் பார்க்கச் சொல்வார்கள்.

இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். அதைக் கேட்டு ஆய்வகத்தில் இருப்பவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

ஐவிஎஃப்பில் இரட்டை தங்கியது, ஒன்று கலைந்துவிட்டது. இப்போது என்ஐபிடி எடுக்கலாமா?

கலைந்த கருவின் நஞ்சுக்கொடி பல வாரங்கள்வரை டிஎன்ஏ விட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கரு கலைந்ததற்குக் குரோமோசோம் கோளாறே காரணமாக இருந்திருக்கலாம். அதன் டிஎன்ஏவைப் பார்த்து, உயிரோடு நலமாக இருக்கும் குழந்தைக்குக் கோளாறு என்று ரிப்போர்ட் வந்தால் என்ன கொடுமை! முதல் ஸ்கேனில் இரண்டு பை தெரிந்திருந்தால், ஒன்றில் துடிப்பே இல்லாமல் இருந்தாலும், அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். தானமாகப் பெற்ற கருமுட்டை என்றால் அதையும் சொல்லுங்கள், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ஆய்வகத்தின் கணக்குக்கு அது தேவை.

முந்தைய குழந்தையின் டிஎன்ஏ ரத்தத்தில் மிச்சம் இருக்குமா?

இருக்காது. பிரசவமாகி ஓரிரு நாளில் மறைந்துவிடும்.

எனக்கு 25 வயதுதான். ரிப்போர்ட்டில் 99 சதவீதம் துல்லியம் என்று போட்டு "ஹை ரிஸ்க்" என்று வந்திருக்கிறது. அப்படியானால் 99 சதவீதம் உறுதியா?

இல்லை. 99 என்பது, டவுன் உள்ள நூறு கர்ப்பங்களில் எத்தனையைச் சோதனை பிடிக்கும் என்பதன் கணக்கு. "ஹை ரிஸ்க்" என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே இருக்கும் என்பது வேறு கணக்கு, அதை உங்கள் வயது தீர்மானிக்கிறது. இளவயதில் டவுன் அபூர்வம் என்பதால், வரும் சில "ஹை ரிஸ்க்"குகளில் தவறானவற்றின் பங்கு கூடிவிடும். 25 வயதில் ஏறக்குறைய பாதிதான் உண்மை. 40 வயதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உண்மை. 13-ஆம் குரோமோசோம் பிரச்சினைக்கு 25 வயதில் நூற்றில் ஏழு போலத்தான் உண்மையாக இருக்கும்.

ஆகவே என்ஐபிடியை மட்டும் வைத்துக் கர்ப்பத்தைக் கலைக்கும் முடிவை எடுக்கவே கூடாது. 15, 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தால் உறுதியாகத் தெரியும். அந்தச் சோதனையால் கர்ப்பம் கலையும் ஆபத்து, தேர்ந்த கைகளில் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று வரை. உங்கள் ரத்தம் நெகட்டிவ் குரூப் என்றால் அதன் பிறகு, குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட வேண்டியிருக்கும், நினைவுபடுத்துங்கள். முதல் கட்ட ரிசல்ட் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குழந்தைக்குக் கடுமையான குறைபாடு உறுதியானால் 24 வாரத்தைத் தாண்டியும் மருத்துவ வாரியத்தை அணுக இந்தியச் சட்டம் இடம் தருகிறது. அதனால் அவசரத்தில் உறுதிச் சோதனையைத் தவிர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. இலங்கையில் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு. அங்கே இருப்பவர்களுக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் பிரசவத்துக்கும் குழந்தையின் சிகிச்சைக்கும் தயாராக உதவும்.

டபுள் மார்க்கர் ரிசல்ட்டையும் தாயின் உடல்நிலை மாற்றுமா?

நிறையவே மாற்றும். அதில் டிஎன்ஏவைப் பார்ப்பதில்லை, பாப்-ஏ, பீட்டா எச்சிஜி என்ற இரண்டு பொருட்களின் அளவைப் பார்க்கிறார்கள். எடை அதிகமானால் இரண்டும் நீர்த்துக் குறைவாகத் தெரியும். புகைப்பழக்கத்திலும் ஐவிஎஃப் கர்ப்பத்திலும் பாப்-ஏ குறையும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பீட்டா எச்சிஜி வெளியேறாமல் தேங்கி, டவுன் ஆபத்து பொய்யாகக் கூடும். எடையையும் ஐவிஎஃப்பையும் படிவத்தில் எழுதினால் கணினி திருத்திக்கொள்ளும். எழுதாவிட்டால் தப்பான எண் வரும். கர்ப்பத்தின் வாரம் தப்பானாலும் எல்லாம் தப்பாகும். மாதவிலக்குத் தேதியைவிட ஸ்கேன் அளவே நம்பகமானது.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதிக டோஸ் பயோட்டின் சில எந்திரங்களின் அளவீட்டையே குழப்பும். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று ஆய்வகத்தில் கேளுங்கள்.

தாய்மாமனைக் கல்யாணம் செய்திருக்கிறேன். என்ஐபிடி எடுத்தால் போதுமா?

போதாது. சொந்தத்தில் கல்யாணம் செய்தால் கூடும் ஆபத்து, இருவரும் ஒரே மரபணுக் குறையைச் சுமந்து, அது குழந்தைக்கு இரட்டையாகப் போய்ச் சேர்வது. என்ஐபிடி குரோமோசோம்களை எண்ணும் சோதனை, இந்தக் குறைகளைப் பார்க்காது. டவுன் சிண்ட்ரோமுக்கும் சொந்தத்தில் கல்யாணத்துக்கும் தொடர்பில்லை. உங்களுக்குத் தேவை குடும்ப வரலாற்றை மூன்று தலைமுறைக்கு விரித்துப் பேசும் ஆலோசனையும், கணவன் மனைவி இருவருக்குமான மரபணுச் சோதனையும்.

இன்னொன்றும் உண்டு. தாய்க்கும் குழந்தைக்கும் இடையே மரபணுவில் உள்ள சிறு வேறுபாடுகளைப் பார்த்துப் பிரிக்கும் ஒருவகை என்ஐபிடி இருக்கிறது. நெருங்கிய உறவில் பிறந்த குழந்தைக்கும் தாய்க்கும் அந்த வேறுபாடு குறைவு, அதனால் அந்த வகையில் ரிசல்ட் வராமல் போகலாம். துண்டுகளை எண்ணும் வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை. எந்த வகை என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ரத்தம் கொடுக்கப் போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும்?

முதல் ஸ்கேன் ரிப்போர்ட், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டு, பழைய அறுவை சிகிச்சைக் காகிதங்கள். எடையை அன்றைக்கே அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள், போன மாத எடையை எழுத விடாதீர்கள். கூட வந்தவர்கள் முன் சொல்ல முடியாத விஷயம் ஏதாவது இருந்தால், தனியாக ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். ரத்தம் எடுப்பவரிடம் அது என்ன ட்யூப் என்றும் கேட்கலாம். என்ஐபிடி ரத்தம் வெகுதூரம் பயணம் போவதாக இருந்தால், வெள்ளணுக்கள் உடையாமல் காக்கும் தனி ட்யூபில் எடுக்க வேண்டும். சாதாரண ட்யூபில் எடுத்து நாள் கணக்கில் கிடந்தால் உங்கள் வெள்ளணுக்கள் உடைந்து, குழந்தையின் பங்கு இன்னும் இறங்கிவிடும்.